ஆஞ்சியோ ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ரூம் வாடகை: கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், மாதம் 9,000 சம்பளம். படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று அம்பாசமுத்திரத்தில் காட்டினீர்கள். அங்கே ஈசிஜி, எக்கோ எடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இங்கே ஆஞ்சியோ பார்த்து, "எல்.ஏ.டி.யில 80, ஆர்.சி.ஏ.வில 40, ஸ்டென்ட் வைக்கணும், ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும், கலந்து பேசிட்டு வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. உங்கள் சென்னைக் கம்பெனி பாலிசியில் அப்பா பெயரும் இருக்கிறது. எதைக் காட்டுவது, ரிப்போர்ட்டுக்கு என்ன அர்த்தம், மாமா வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறாரே, வாங்கலாமா? கேள்வி இவ்வளவுதானே.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 14 வருஷம் உட்கார்ந்தவன். வைத்தியம் சரியா தப்பா என்று என்னால் சொல்ல முடியாது. எந்தக் காகிதத்தில் எந்தச் சொல் விழுந்தால் எவ்வளவு பணம் போகும் என்று சொல்ல முடியும். அங்கே இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: கடைசி நாள் பில்லைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள், முதல் நாள் ராத்திரி அட்மிஷனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிச் சண்டைக்கு வேலையே இருந்திருக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "கலந்து பேசிட்டு வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால் இது அவசரக் கேஸ் இல்லை. ஆஸ்பத்திரி பாஷையில் 'எலெக்டிவ்'. நாள் குறித்துச் செய்வது. விசாரிக்க உங்களுக்குச் சில நாள் இருக்கிறது. ஆனால் அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தால், வியர்த்துக் கொட்டினால், இடது கையோ தாடையோ இழுத்தால், நான் எழுதியது எதையும் பார்க்க வேண்டாம். 108 கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் அட்டை, பாலிசி, ரூம் எதுவும் முக்கியமில்லை. மாரடைப்பில் அடைத்த குழாயை எத்தனை சீக்கிரம் திறக்கிறார்களோ அத்தனை சதை பிழைக்கும். வலியை 'வாயு' என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி ரிப்போர்ட்.

நம்மூரில் "ஆஞ்சியோ பண்ணியாச்சு, இனி பயமில்ல" என்று சொல்லுவார்கள். ஆஞ்சியோகிராம் என்பது வைத்தியம் இல்லை, படம். கையிலோ தொடையிலோ மெல்லிய குழாயை விட்டு, மை செலுத்தி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எங்கே சுருங்கியிருக்கின்றன என்று பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி வேறு. பலூனை விட்டு அடைப்பை விரித்து, திரும்பச் சுருங்காமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை நிறுத்திவிட்டு வருவது. ரிப்போர்ட்டில் இதைப் 'பி.டி.சி.ஏ.' என்று எழுதுவார்கள். 'சி.ஏ.பி.ஜி.' என்று எழுதியிருந்தால் அது பைபாஸ், நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன். உங்கள் அப்பா ரிப்போர்ட்டில் அது இல்லை.

எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய். அதில் 80 என்றால் 80 சதவீதம் சுருங்கியிருக்கிறது. ஆர்.சி.ஏ. வலது பக்கக் குழாய். பொதுவாக 70-ஐத் தாண்டியதைத்தான் பெரிய அடைப்பாக எடுத்துக்கொள்வார்கள், 40-ஐ மருந்தில் விட்டுவிடுவார்கள். அதனால் "ரெண்டு அடைப்பு, ரெண்டு ஸ்டென்ட்" என்று நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "சார், இதை மருந்து மட்டும் குடுத்துப் பாத்தா என்ன ஆகும்?" "எத்தன ஸ்டென்ட், எந்தக் குழாயில?" கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். அந்த சி.டி. நீங்கள் காசு கட்டி எடுத்தது. அதை வைத்துப் பார்த்தால் போதும், இன்னொரு முறை குழாய் விட வேண்டியதில்லை.

எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்று ஒரு வரி இருக்கும், இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அது 58 சதவீதம் என்று அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து அம்மா அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அழுகையை வாரத்துக்கு ஒரு தடவை என் டெஸ்க் முன்னால் பார்த்திருக்கிறேன். "இதயம் பாதிதான் வேல செய்யுதாம் அண்ணாச்சி" என்பார்கள். விஷயம் அதில்லை. இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமிருக்கும் ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது. எவ்வளவு திடகாத்திரமான ஆளுக்கும் தள்ளாது. 55-க்கு மேல் இருந்தால் நல்ல இதயம். 40-க்குக் கீழே போனால் கவலை. அப்பாவின் 58 நல்ல எண், அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கடுத்த வரியில் 'நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.' என்று இருக்கிறது. இதயச் சுவரில் அசையாமல் கிடக்கும் இடம் எதுவும் இல்லை என்று பொருள். அதுவும் நல்ல சேதிதான்.

ரிப்போர்ட் படிக்க ஒரு சின்ன வழி உண்டு. எந்த ஸ்கேன் என்றாலும் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு மூன்று வரி இருக்கும். மேலே எழுதியிருப்பதெல்லாம் அளவு, கீழே இருப்பதுதான் தீர்ப்பு. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறிப்பிடும்படி கோளாறு இல்லை. 'ஏஜ் ரிலேட்டட்' என்றால் வயசானால் வருவது. 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்றால், படம் எடுத்தவர் தன் பங்கைச் சொல்லிவிட்டார், ஆளைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும் என்று அர்த்தம். பயாப்ஸியில் 'நெகட்டிவ்' என்று வந்தால் "ஐயோ, நெகட்டிவாம்" என்று தலையில் கை வைக்காதீர்கள். தேடியது இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

கிரியாட்டினின் என்ற எண்ணையும் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ஆஞ்சியோவில் செலுத்தும் மை சிறுநீரகத்தைத்தான் உரசிக்கொண்டு போகும். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால், ஸ்டென்ட் வைப்பதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டீர்களா, சர்க்கரை மாத்திரையில் எதையாவது அன்றைக்கு நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். ஹெச்.பி.ஏ.1.சி. என்பது மூன்று மாதச் சராசரி சர்க்கரை. அது 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வார்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் எண்ணை முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்றலாம், இதை ஏமாற்ற முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். பணம் ஆரம்பிப்பது கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கும் தாளில்.

ராத்திரி 11 மணிக்கு அட்மிஷன் போடும்போது டூட்டி டாக்டர் வந்து, கையில் எழுதும் பலகையோடு நின்றபடியே கேட்பார்: "சுகர் எத்தன வருஷமா இருக்கு? பிரஷர்? சிகரெட், தண்ணி?" அப்போது பக்கத்தில் நிற்கிறவர் யாரோ அவர் சொல்லுகிற பதில்தான் எழுத்தில் ஏறும். முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவரின் கேஸ் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திருப்பூரிலிருந்து வந்திறங்கிய மருமகன், தனக்கும் விவரம் தெரியும் என்று காட்ட, "அது ஒரு பத்து வருஷமா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் 'கே/சி/ஓ டி.எம்., 10 வருடம்' என்று எழுதிவிட்டார். 'ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்' என்பதன் சுருக்கம் அது. உண்மையில் ஆச்சிக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தே மூன்று வருஷம்தான். பாலிசி எடுத்து நாலு வருஷம். கணக்கைப் பாருங்கள்: எழுத்துப்படி பார்த்தால், பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்தது, மறைத்துவிட்டார்கள். கிளெய்ம் தள்ளுபடி. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதன்முதலாகச் சர்க்கரை பார்த்த பழைய ஓ.பி. சீட்டு, எண்ணெய்க் கறையோடு, அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி, பணம் வருவதற்கு நாலு மாதம் ஆயிற்று. அது கிடைத்திருக்காவிட்டால் முழுப் பணமும் போயிருக்கும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்ததை வருஷத்தோடு சொல்லுங்கள், தெரியாததை "தெரியாது சார், சீட்டப் பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லுங்கள். அப்பா தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் குடிப்பவர் என்றால் அப்படியே சொல்லுங்கள். "குடிப்பாவ" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் 'ஆல்கஹாலிக்' என்று விழுந்துவிடும். அட்மிஷன் நேரத்தில் பக்கத்தில் அம்மா நிற்கட்டும், மாமா வேண்டாம்.

கேஸ் ஷீட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2002-ம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அம்மாவின் அட்டை. ஊரில் இன்னும் 'கலைஞர் அட்டை' என்றே பலர் சொல்வார்கள், 2009 ஜூலையில் அந்தப் பெயரில் தொடங்கியதால். 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் இதோடு சேர்ந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பத்துக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அப்பாவின் 9,000 சம்பளம் வருடத்துக்கு 1,08,000. வேறு வருமானம் இல்லை, ரேஷன் கார்டும் உங்களுடையதிலிருந்து தனி என்றால் வரம்புக்குள்தான் வருகிறது. ரேஷன் கார்டில் நீங்களும் இருந்தால் உங்கள் சம்பளமும் கணக்கில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கும்போது இதை ஒளிக்காதீர்கள்.

இந்த அட்டை பணத்தைத் திருப்பித் தரும் அட்டை இல்லை. நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டினால் ஒரு பைசா வராது. அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுத் திட்ட டெஸ்க்கில் அட்டையைக் கொடுத்து, அவர்கள் ஆஞ்சியோ விவரத்தை ஏற்றி, முன் அனுமதி வாங்கிய பிறகுதான் கேஸ் நகரும். "முதல்ல கட்டுங்க, பொறவு அட்டையில பாத்துக்கிடுவோம்" என்று எங்கேயாவது சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். இன்னொன்று, ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. "கார்டியாலஜிக்கு அட்டை எடுக்கியளா?" என்று அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதித்த பேக்கேஜுக்கு, அதாவது அந்தச் சிகிச்சைக்கென்று குறித்த மொத்தத் தொகைக்கு மேல் தனியாகப் பணம் கேட்பது திட்டத்தில் கிடையாது. கேட்டால் 1800 425 3993. இலவச எண்தான், நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், டெஸ்க்கில் உட்கார்ந்துகொண்டே.

அட்டை பழையதாக இருந்து, பெயரோ ஆதாரோ பொருந்தவில்லை என்றால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இதற்கென்று பதிவு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வெள்ளனப் போய்விடுங்கள். தென்காசி, ஆலங்குளம், சங்கரன்கோவில்காரர்கள் பழைய பழக்கத்தில் இங்கேயே வந்து நிற்பார்கள். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு அவர்களுக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ்தான்.

ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியை ஏன் யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரியவில்லை. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி அரசு மெடிக்கல் காலேஜின் ஆஸ்பத்திரி. இருதயப் பிரிவும், ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் கேத் லேபும் அங்கேயே இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், துணைக்கு வருகிறவர் வராண்டாவில்தான் படுக்க வேண்டும். அது உண்மை. ஆனால் அங்கே இதயம் பார்க்கிறவர்கள் தினம் எத்தனை கேஸ் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கேஸ் எலெக்டிவ். ஒரு நாள் காலை ஓ.பி.யில் சி.டி.யைக் காட்டி அபிப்பிராயம் கேட்க ஒரு பைசா செலவில்லை. என் சொந்தக்காரர் என்றால் அங்கே ஒருமுறை காட்டாமல் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்களா? சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று பிடித்தம் போகிறதா? 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. அப்பா சம்பளத்துக்கு மாதம் 68 ரூபாய் பிடித்திருப்பார்கள். "அது என்னவோ பிடிக்காவ" என்று அப்பாவே மறந்திருப்பார். பிடித்தம் இருந்தால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கும் வழியும் திறக்கிறது. இதைக் கேட்காமலே வட்டிக்கு ஓடின குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கம்பெனி பாலிசி. இந்த வகைக் குரூப் பாலிசியில் பெரும்பாலும் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்காது, அது நல்லது. ஆனால் பெற்றோருக்கு மட்டும் 'கோ-பே' வைத்திருப்பார்கள். 20 சதவீதம் என்றால் ஒண்ணே முக்கால் லட்சத்தில் 35,000 உங்கள் பையிலிருந்து. ஹெச்.ஆரிடம் மூன்றே கேள்வி: பெற்றோருக்குக் கோ-பே எவ்வளவு, ரூம் வாடகை உச்சவரம்பு எவ்வளவு, ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தனி வரம்பு உண்டா? பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காமல் மெயிலில் வாங்குங்கள்.

ரூம் வாடகை என்று சொன்னேன் இல்லையா. இதில் நானே அடிபட்டவன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு என் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் வந்தபோது, வேறொரு ஆஸ்பத்திரியில், "அம்மா நல்லாப் படுக்கட்டும்" என்று ஏ.சி. சிங்கிள் ரூம் எடுத்தேன். என் பாலிசி 3 லட்சம், ரூம் வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. எடுத்த ரூம் 4,500. நாலு நாளைக்கு 6,000 கையிலிருந்து போகும், போகட்டும் என்று நினைத்தேன். பாலிசியில் 'விகிதாசாரக் கழிவு' என்ற வரியை நான் படிக்கவில்லை. உங்களுக்கு உரிமையான ரூம் 3,000, நீங்கள் எடுத்தது 4,500, அதாவது மூன்றில் இரண்டு பங்குதான் தகுதி. ஆகவே டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். அந்த வகையில் வந்த 90,000-ல் 60,000-ஐத்தான் கொடுத்தார்கள். 6,000 என்று நினைத்தது 36,000 ஆயிற்று. மருந்து, ஸ்கேன், லேப், உடம்பில் வைக்கும் கருவி இவற்றில் மட்டும் இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் அந்தப் பகுதி தப்பியது. அம்மா இரண்டாம் நாளே "இங்கன ஒரு மனுசாளும் இல்ல, பேச்சுத்துணைக்காவது அந்தப் பெரிய ரூமுக்குப் போவோம்" என்றாள். 

உங்கள் பாலிசியில் வரம்பு 4,000 என்றால் 4,000-க்கு உள்ளே இருக்கும் ரூமை எடுங்கள். அட்மிஷனில் "அந்த ரூம் காலியில்ல, தற்காலிகமா இது" என்று கொடுத்தால், காலி இல்லை என்பதை எழுதி வாங்குங்கள்.

கேஷ்லெஸ், அதாவது நீங்கள் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது, எப்படி நடக்கும் என்றால், ஆஸ்பத்திரி டெஸ்க் அவர்களுக்கு மதிப்பீட்டை அனுப்பும். 50,000 என்று முதல் அனுமதி வரும். உடனே "50,000தான் தருவாவளாம்" என்று வீட்டில் ஒப்பாரி தொடங்கும். அது முதல் தவணை மாதிரி. டிஸ்சார்ஜ் அன்று முழு பில் போன பிறகு இறுதி அனுமதி வரும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் இழுத்து ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கினால் அது இன்சூரன்ஸ் கம்பெனி தலையில்தான். நடைமுறையில் இழுப்பார்கள். விதியின் பெயரைச் சொல்லி மெயில் போட்டால் இழுப்பது குறையும், நான் கண்டது. கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் என்று கழித்துவிட்டுச் சில ஆயிரங்களை உங்களிடம் கேட்பார்கள். அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம், வழக்கமானதுதான்.

அம்பாசமுத்திரத்தில் எடுத்த ஈசிஜி, எக்கோ பில்லைக் கீழே போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தின 30 நாள், பிந்தின 60 நாள் செலவும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். பில்லோடு அந்த டாக்டரின் சீட்டும் வேண்டும், சீட்டு இல்லாத பில்லுக்கு மதிப்பில்லை.

ஒரே அட்மிஷனை அட்டையிலும் பாலிசியிலும் காட்ட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால்: நீங்கள் நம்பும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி இதயத்துக்கு அட்டையை எடுத்தால் அட்டை. கோ-பே இல்லை, கழிவு இல்லை. பாலிசி அப்படியே மிச்சமிருக்கும். "அட்டைக்கு மட்டமான ஸ்டென்ட் வைப்பாவ" என்று டீக்கடையில் சொல்லுவார்கள். ஸ்டென்ட் வரும் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனிப் பெயர், அளவு, வரிசை எண் போட்டது. அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அட்டை என்றாலும் காசு என்றாலும் ஒட்டுவார்கள். என்ன வைத்தார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 

காசு கட்டிச் செய்வதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அன்றைக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600. அதற்கு முன் ஒரு ஸ்டென்ட்டுக்கே லட்சத்துக்கு மேல் பில் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். விலைவாசிக் கணக்குப்படி ஏறி ஏறி இப்போதும் வரி போக 40,000-க்கு உள்ளேதான் இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். ஒண்ணே முக்கால் லட்சத்தில் ஸ்டென்ட் எவ்வளவு, மற்றது எதற்கு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதற்குள் என்னென்ன அடக்கம், எத்தனை நாள் ரூம், இரண்டாவது ஸ்டென்ட் வேண்டியிருந்தால் எவ்வளவு கூடும் என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

மாமா வட்டி விஷயம். வேண்டாம். ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று நம் பக்கம் எத்தனை பெயர் இருந்தாலும் முடிவு ஒன்றுதான். அட்டையோ பாலிசியோ வேலை செய்தால் உங்களுக்கு வேண்டியது கோ-பேக்கும் கைச்செலவுக்கும் கொஞ்சம் பணம். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பேங்கிலோ வைத்தால் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்பட்டு, "நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துப் பாருங்கள். 'டாக்டர் ஆலோசனைக்கு எதிராக' என்ற வரி இருந்தால் கிளெய்முக்குத் தொந்தரவு வரும், அப்பாவுக்கு வரும் தொந்தரவு வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, தேதி, சர்க்கரை எத்தனை வருஷம் என்ற வரி நான்கையும் அங்கேயே சரிபாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு எழுத்து மாற்றவும் மூன்று தடவை பஸ் ஏற வேண்டும்.

மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்றால் காலையும் இரவும் என்று உங்களுக்குத் தெரியும். ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுப்பார்கள், ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் மாதிரி இன்னொன்றும். "வலி இல்ல, எதுக்கு மாத்திர" என்று அப்பா நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கும். பல் பிடுங்கப் போனால்கூட, பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாதா மாதம் இந்தச் செலவு பயமுறுத்தினால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்கலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

கம்பெனி பாலிசி நீங்கள் அங்கே வேலையில் இருக்கும் வரைதான், தம்பி. இந்த வேலை முடிந்த கையோடு அம்மாவுக்குத் தனியாக ஒரு பாலிசி பாருங்கள். வயது காரணம் காட்டி விண்ணப்பத்தையே வாங்க மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் 2024-ல் போய்விட்டது. பழைய நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. விண்ணப்பத்தை ஏஜெண்ட் கையில் விடாமல், அம்மாவின் முழங்கால் வலி உட்பட எல்லாவற்றையும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது மூன்று. அம்பாசமுத்திரம் பில்லையும் சீட்டையும் ஒரு கவரில் போடுங்கள். அப்பாவுக்கு எந்த வருஷம் சர்க்கரை தெரிந்தது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தக் கவரிலேயே வையுங்கள். ஆஞ்சியோ சி.டி.யைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஹைகிரவுண்டில் இதய ஓ.பி. எந்தெந்த நாள் என்று 104-ல் கேட்டுவிட்டு, முந்தின ராத்திரியே வண்ணார்பேட்டையில் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்தால் டோக்கன் கிடைக்கத் தாமதமாகிவிடும்.